லாகில் கிடைத்த மெட்டாடேட்டா()

ஒரு பதிவின் பழைய செட்டிங்கை மீட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சின்ன வேலைதான். எங்கள் ஆடிட் லாகில், அதாவது எது எப்போது மாறியது என்ற பதிவேட்டில், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த ஆப்ஜெக்ட் முழுவதும் ஒரு ஜேசனாகப் (பெயரும் மதிப்புமாக எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) பதிவாகும். அதை எழுதியதே நான்தான் என்பதால் கொஞ்சம் மிதப்பாகவே, "ரெண்டு நிமிஷத்துல தர்றேன்" என்று சொல்லிவிட்டு லாகைத் திறந்தேன். செட்டிங் இருக்கவேண்டிய இடத்தில் மெட்டாடேட்டா() என்று இருந்தது. அதற்கு முந்தைய பதிவிலும் மெட்டாடேட்டா(). அதற்கும் முந்தையதில் மெட்டாடேட்டா(). கீழே போகப் போக, இரண்டு மாதத்துக்கும் அதே ஒரு சொல், ஒரு திறப்பு அடைப்புக்குறி, ஒரு மூடும் அடைப்புக்குறி.

எரர் எதுவும் வந்திருக்கவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை. லாக் தினமும் ஒழுங்காக எழுதிக்கொண்டுதான் இருந்தது, குப்பையை.

நாங்கள் பயன்படுத்துவது எஸ்க்யூஎல்ஆல்கெமி, பைத்தான் கிளாஸ்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி. நான் எழுதியிருந்தது பைத்தானில் இதைத் தொட்ட பலரும் ஒருமுறையாவது எழுதிய அந்த ஒற்றை வரிதான்:

{சி.நேம்: கெட்ஆட்ர்(செல்ஃப், சி.நேம்) ஃபார் சி இன் செல்ஃப்.__டேபிள்__.காலம்ஸ்}

டேபிளில் உள்ள நெடுவரிசைகளை ஒவ்வொன்றாக எடு, அதன் பெயரில் ஆப்ஜெக்ட்டில் என்ன மதிப்பு இருக்கிறதென்று பார், டிக்ட்டில் (பெயரும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் பைத்தான் பெட்டி) போடு. (பேச்சில் நாங்கள் காலம் என்றுதான் சொல்வோம். எழுதினால் நேரம் என்று படித்துவிடுகிறார்கள், அதனால் இந்தப் பதிவு முழுக்க நெடுவரிசை.) படிக்க அழகான வரி. நெடுவரிசையின் பெயரும் கிளாஸில் உள்ள பண்பின் (ஆட்ரிபியூட்) பெயரும் ஒன்றுதான் என்று அது நம்புகிறது. பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் அது இவ்வளவு நாள் பிழைத்திருக்கிறது.

எங்கள் டேபிளில் ஒரு நெடுவரிசைக்கு மெட்டாடேட்டா என்று பெயர், நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ வைத்தது. ஆனால் டேபிளையும் கிளாஸையும் ஒரே இடத்தில் அறிவிக்கும் டிக்ளரேட்டிவ் முறையில் கிளாஸ் எழுதும்போது அந்தப் பெயரை ஒரு பண்புக்கு வைக்க முடியாது, ஒதுக்கப்பட்ட பெயர் என்று கிளாஸ் உருவாகும்போதே எரர் வரும். நம் கிளாஸ்கள் எல்லாவற்றுக்கும் தாயான பேஸ் கிளாஸில் எல்லா டேபிள்களின் விவரத்தையும் சேர்த்து வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் அந்தப் பெயரில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனவே எல்லோரும் செய்வதுபோல கடைசியில் ஒரு அடிக்கோடு போட்டு மெட்டாடேட்டா_ என்று பண்புக்குப் பெயர் வைத்து, டேபிளில் இதன் பெயர் மெட்டாடேட்டா என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தோம்.

இப்போது மேலே உள்ள வரியைத் திரும்பப் படியுங்கள். சி.நேம் மெட்டாடேட்டா. செல்ஃபில் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது நம் செட்டிங் இல்லை; பேஸ் கிளாஸிலிருந்து வந்த அந்தப் பெரிய ஆப்ஜெக்ட். வேறு எந்தப் பெயர் மாறியிருந்தாலும், அப்படி ஒரு பண்பு இல்லை என்று ஆட்ரிபியூட்எரர் வந்து முதல் நாளே பிடிபட்டிருக்கும். இந்த ஒரு பெயருக்கு மட்டும் தப்பான ஆள் வந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டார்.

அப்படியும் ஜேசனாக மாற்றும்போது மாட்டியிருக்க வேண்டும். அந்த ஆப்ஜெக்ட்டை ஜேசனாக்க முடியாது. ஆனால் தேதிகளுக்காக நானே டிஃபால்ட்=எஸ்டிஆர் என்று போட்டு வைத்திருந்தேன். தெரியாத எதையும் சரமாக (ஸ்ட்ரிங்) மாற்று என்று அர்த்தம். அதுவும் சமர்த்தாக மாற்றிவிட்டது. இரண்டு சோம்பேறித்தனம் கைகோத்தால் எரருக்கு இடமே இல்லை.

சரி, யாரைக் கேட்டிருக்க வேண்டும்? மேப்பரை.

ஒரு கிளாஸை டேபிளோடு இணைக்கும்போது இடையில் மேப்பர் என்று ஒரு ஆப்ஜெக்ட் உருவாகிறது. எந்தப் பண்பு எந்த நெடுவரிசைக்குப் போகிறது என்ற கணக்கு அதனிடம்தான் இருக்கிறது. டேபிளுக்குக் கிளாஸைப் பற்றித் தெரியாது. கிளாஸில் தேடினால் மெத்தட், மேஜிக் பெயர்கள், பேஸிலிருந்து வந்தவை என எல்லாம் கலந்து கிடைக்கும். டிர் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். மேப்பரிடம் போகும் வழி இன்ஸ்பெக்ட் என்ற ஃபங்ஷன். மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட இந்த லைப்ரரியில் இன்ஸ்பெக்ட் 0.8-இல்தான், 2013-இல், வந்தது. அதற்கு முன் கிளாஸ்_மேப்பர், ஆப்ஜெக்ட்_மேப்பர் என்று தனித்தனி ஃபங்ஷன்கள். பழைய கோடில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம், இன்றும் ஓடும்.

இன்ஸ்பெக்ட்டிடம் எதைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ற ஒன்று திரும்பி வரும். கிளாஸைக் கொடுத்தால் மேப்பர். அந்தக் கிளாஸின் ஒரு ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால் அதன் நிலையைச் சொல்லும் இன்ஸ்டன்ஸ்ஸ்டேட். எஞ்சினைக் கொடுத்தால் நிஜ டேட்டாபேஸுக்குள் போய் என்னென்ன டேபிள் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் இன்ஸ்பெக்டர். சம்பந்தமில்லாத எதையாவது கொடுத்தால் நோஇன்ஸ்பெக்‌ஷன்அவைலபிள் என்று நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் கடைசி குணம் எனக்குப் பிடித்தது.

திருத்திய வரி இது:

{ப.கீ: கெட்ஆட்ர்(செல்ஃப், ப.கீ) ஃபார் ப இன் இன்ஸ்பெக்ட்(செல்ஃப்).மேப்பர்.காலம்_ஆட்ர்ஸ்}

இங்கே ப.கீ என்பது கிளாஸில் உள்ள பண்பின் பெயர், அதாவது அடிக்கோட்டோடு மெட்டாடேட்டா_. டேபிளில் உள்ள பெயர் வேண்டுமென்றால் ப.காலம்ஸ்[0].நேம். இரண்டும் இரண்டு இடத்தில் தனித்தனியாக இருப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயமே உறைத்தது. தலைகீழாகவும் போகலாம்: நெடுவரிசை கையில் இருக்கிறது, பண்பு தெரியவேண்டும் என்றால் மேப்பரின் கெட்_பிராப்பர்ட்டி_பை_காலம்.

அந்த [0] ஏன் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு பண்புக்கு எதற்கு நெடுவரிசைகளின் பட்டியல்? பதில் அதே வாரத்தில் கிடைத்தது, அதுவும் லாகிலிருந்துதான். எங்களிடம் ஆவணம் என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து வரும் ஒப்பந்தம் என்று இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி டேபிள், ஐடியால் இணைந்திருக்கும். ஒப்பந்தத்தின் __டேபிள்__ என்று கேட்டால் ஒப்பந்த டேபிள் மட்டும்தான் வரும். தலைப்பு, உருவாக்கியவர் எல்லாம் ஆவண டேபிளில். ஆக, ஒப்பந்தங்களின் தலைப்பு மாற்றம் ஒன்றுகூட எங்கள் லாகில் ஏறவே இல்லை. இதற்கும் எரர் கிடையாது. இல்லாத ஒன்றை யார் தேடுவார்கள்?

மேப்பரிடம் கேட்டால் தாய் கிளாஸிலிருந்து வந்தவையும் சேர்ந்தே வருகின்றன. ஐடி இரண்டு டேபிளிலும் இருந்தாலும் பண்பு ஒன்றுதான், அதற்குள் இரண்டு நெடுவரிசைகள், முதலில் இருப்பது ஒப்பந்த டேபிளுடையது. பட்டியல் அதற்காகத்தான். எல்லாக் கிளாஸும் ஒரே டேபிளில் இருக்கும் முறையில் பிரச்சினை எதிர்ப்பக்கமாகத் திரும்பும்: டேபிளைக் கேட்டால் சகோதரக் கிளாஸின் நெடுவரிசைகளும் சேர்ந்து வரும், அவற்றைத் தொட்டால் ஆட்ரிபியூட்எரர். அதுவாவது வாய்விட்டுச் சொல்கிறது.

பட்டியலில் இருப்பது எப்போதும் டேபிளின் நெடுவரிசைதான் என்றும் நம்பக்கூடாது. காலம்_பிராப்பர்ட்டி போட்டு ஒரு எஸ்க்யூஎல் கணக்கையே பண்பாக வைத்திருந்தால் அதுவும் காலம்_ஆட்ர்ஸில் வரும். அங்கே காலம்ஸ்[0] என்பது ஒரு லேபிள், பெயர் ஒட்டிய எஸ்க்யூஎல் கணக்கு. அதனிடம் நல் (வெற்று மதிப்பு) வருமா என்று பார்க்க நல்லபிள் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று எரர் வரும். நிஜ நெடுவரிசைதானா என்று பார்க்கும் ஒரு ஐஎஸ்இன்ஸ்டன்ஸ் போதும், ஆனால் போட வேண்டும்.

ஒரு கிளாஸை இன்னொன்றோடு இணைக்கும் ரிலேஷன்ஷிப்களை இங்கே விரிக்கப் போவதில்லை. மேப்பரின் ரிலேஷன்ஷிப்ஸ் என்பதில் கிடைக்கும். ஒவ்வொன்றும் எந்தக் கிளாஸுக்குப் போகிறது, எந்தத் திசை, ஒன்றா பலவா என்று கேட்டால் சொல்லும். ஒரே ஒரு எச்சரிக்கை. பேக்ரெஃப் போட்டு எதிர்ப்பக்கப் பண்பை உருவாக்கியிருந்தால், மேப்பர்கள் கட்டமைக்கப்படும் வரை அந்தப் பண்பு கிளாஸில் இருக்காது. புதிதாக பைத்தானைத் திறந்து ஹேஸ்ஆட்ர் கேட்டால் ஃபால்ஸ், ஏதாவது ஒரு க்வெரி எழுதிவிட்டுக் கேட்டால் ட்ரூ. நான் ஒரு மதியம் முழுக்க என் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். கன்ஃபிகர்_மேப்பர்ஸ் ஃபங்ஷனை ஒருமுறை கூப்பிட்டால் தீர்ந்தது. இரண்டு பக்கமும் வெளிப்படையாக பேக்_பாப்புலேட்ஸ் எழுதினால் இந்தக் கண்ணாமூச்சியே இல்லை; எனக்கு அதுதான் பிடிக்கும், இரண்டு வரி அதிகம் என்றாலும்.

பைத்தானிலும் எஸ்க்யூஎல்லிலும் வேலை செய்யும் ஹைப்ரிட் பண்புகள் மேப்பரின் ஆட்ர்ஸில் வராது. அவற்றுக்கும், ரிலேஷன்ஷிப்புக்கு அப்பால் உள்ள பண்பை நேராகக் காட்டும் அசோசியேஷன் பிராக்ஸிகளுக்கும் ஆல்_ஓஆர்எம்_டிஸ்கிரிப்டர்ஸ் என்ற இன்னொரு பட்டியல். சாதாரண பிராப்பர்ட்டி அலங்காரம் போட்டவை அதிலும் வராது, அவை ஆல்கெமியின் கணக்கிலேயே இல்லை.

இதையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தபோது குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இவ்ளோ எதுக்கு? வார்ஸ் போட்டா எல்லாம் வந்துடுமே" என்றான்.

"போட்டுக் காட்டு" என்றேன்.

ஒரு ஆப்ஜெக்ட்டை எடுத்தான். வார்ஸ் போட்டான். எல்லாப் பண்பும் மதிப்போடு வந்தது, கூடவே _எஸ்ஏ_இன்ஸ்டன்ஸ்_ஸ்டேட் என்று ஒரு ஒட்டுண்ணி. "அதை மட்டும் எடுத்துட்டாப் போதும்" என்று சிரித்தான். மெட்டாடேட்டா_ என்ற பெயர்கூட அடிக்கோட்டோடு சரியாகவே வந்திருந்தது. எனக்கே ஒரு நொடி ஆசை வந்துவிட்டது. "இப்போ செஷனை கமிட் பண்ணிட்டு மறுபடி போடு" என்றேன். போட்டான். ஒட்டுண்ணி மட்டும் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டேட்டா எங்கக்கா போச்சு?"

"ஐடியைத் தொடு." தொட்டான். எக்கோ போட்டிருந்ததால் ஒரு செலக்ட் ஓடுவது திரையில் தெரிந்தது. திரும்ப வார்ஸ்: எல்லாம் வந்துவிட்டது, அவன் கேட்காத நெடுவரிசைகளும் சேர்த்து.

கமிட் என்றால் செஷன் (டேட்டாபேஸோடு பேசி ஆப்ஜெக்ட்களைக் கவனித்துக்கொள்வது) மாற்றங்களை டேட்டாபேஸில் உறுதியாக்குவது. அது ஆனதும் கையில் இருக்கும் மதிப்புகளை ஆல்கெமி பழசாகிவிட்டதாகக் கருதித் தூக்கிப் போட்டுவிடும், எக்ஸ்பயர்_ஆன்_கமிட் என்பது மாற்றாத வரை ட்ரூதான். அடுத்து எதையாவது தொடும்போது டேட்டாபேஸிலிருந்து புதிதாகக் கொண்டுவரும். வார்ஸ் தொடுவதில்லை, ஆப்ஜெக்ட்டின் சட்டைப்பையில் அந்த நேரத்தில் என்ன கிடக்கிறதோ அதை மட்டும் காட்டும். அது ஒரு நல்ல கேள்விக்கான பதில்தான், நாங்கள் கேட்க நினைத்த கேள்வி வேறு. அதே கேள்வியை மரியாதையாகக் கேட்க இன்ஸ்பெக்ட்(ஆப்ஜெக்ட்).அன்லோடட் இருக்கிறது. எந்தெந்தப் பண்புகள் இன்னும் கையில் இல்லை என்று பெயர்களை மட்டும் தரும், செலக்ட் எதுவும் ஓடாது. டிஃபர் செய்து (தொடும்போது மட்டும் கொண்டுவரும்படி) வைத்த பெரிய டெக்ஸ்ட் நெடுவரிசைகளை லாக் லூப் தெரியாமல் இழுத்து வந்துவிடாமல் இருக்க இதை வைத்துத்தான் வடிகட்டினேன். செஷனிலிருந்து கழன்ற ஆப்ஜெக்ட்டில் அப்படித் தெரியாமல் தொட்டால் டிடாச்ட்இன்ஸ்டன்ஸ்எரர். அது யாருக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அப்புறம் தோன்றியது, முழு ஆப்ஜெக்ட்டையும் எதற்கு எடுத்து வைக்க வேண்டும்? மாறியதை மட்டும் எழுதினால் போதுமே. இன்ஸ்பெக்ட்(ஆப்ஜெக்ட்).ஆட்ர்ஸில் ஒவ்வொரு பண்புக்கும் ஹிஸ்டரி என்று ஒன்று உண்டு. சேர்ந்தது, மாறாதது, போனது என்று மூன்று பகுதி. பெயர் "அ" ஆக இருந்து "ஆ" ஆனால், சேர்ந்ததில் "ஆ", போனதில் "அ". அதே "அ"-வையே திரும்ப வைத்தால் மாறாதது என்று சரியாகச் சொல்லும். செஷனின் டர்ட்டி பட்டியல் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. யாராவது ஒரு பண்பில் கைவைத்திருந்தாலே ஆப்ஜெக்ட் அதில் இருக்கும். நிஜமாகவே மாறியதா என்று பார்க்க இஸ்_மாடிஃபைட் கேட்க வேண்டும்.

இதை பிஃபோர்_ஃப்ளஷ் ஈவென்ட்டில், அதாவது மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஃப்ளஷுக்குச் சற்று முன், வைத்தோம். ஃப்ளஷ் முடிந்துவிட்டால் ஹிஸ்டரி துடைத்த பலகை.

ஓடவிட்டுப் பார்த்தால் பாதிப் பதிவுகளில் "முன்பு" என்ற இடம் காலி. பையன்தான் கண்டுபிடித்தான். கமிட்டுக்குப் பிறகு, எதையும் படிக்காமல், நேராகப் புது மதிப்பை வைக்கும் இடங்களில் மட்டும் இப்படி ஆகிறது. யோசித்தால் நியாயம்தான்: பழைய மதிப்பு கையில் இல்லை, அதை அறிய ஒரு செலக்ட் ஓட வேண்டும், அப்டேட் எழுத அது தேவையும் இல்லை, ஆல்கெமி எதற்கு வீணாக ஓடும்? வேண்டுமென்றால் அந்தப் பண்பை அறிவிக்கும்போதே ஆக்டிவ்_ஹிஸ்டரி=ட்ரூ என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு செலக்ட் கூடலாம். எங்களுக்கு முக்கியமான சில பண்புகளுக்கு மட்டும் போட்டோம். எவை முக்கியம் என்பதற்கு நடந்த மீட்டிங், கோட் எழுதியதைவிட நீளம்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாம் தொடங்கிய அந்த மெட்டாடேட்டா_ பண்பு? அது லாகில் வரவே இல்லை. மெட்டாடேட்டா() என்ற குப்பைகூட இல்லை.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அது ஜேசன் நெடுவரிசை. அதன் மதிப்பு ஒரு டிக்ட். எங்கள் கோட் அந்த டிக்ட்டுக்குள் போய் ஒரு சாவியை மட்டும் மாற்றுகிறது. ஆல்கெமியைப் பொறுத்தவரை பண்பில் யாரும் புதிதாக எதையும் வைக்கவில்லை, அதே டிக்ட்தான் அங்கே இருக்கிறது. ஹிஸ்டரியில் மாறாதது. லாக் கிடக்கட்டும், அப்டேட்டே போகாது. அப்படியானால் இதுவரை எப்படிச் சேமிக்கப்பட்டது? தேடினால், யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், இது மாறியது என்று கையால் சொல்லும் ஃப்ளாக்_மாடிஃபைட் கூப்பிட்டு வைத்திருக்கிறார், ஏழு இடத்தில். எட்டாவது இடத்தில் மறந்திருக்கிறார். நான் சோதித்துப் பார்த்தது அந்த எட்டாவது இடம்.

மியூட்டபிள்டிக்ட் போட்டால் உள்ளே நடக்கும் மாற்றம் தெரியவரும், அந்த ஃப்ளாக் வரிகளை எல்லாம் தூக்கிவிடலாம். ஆனால் "மாறியது" என்ற செய்திதான் போகும். மாறுவதற்கு முன் உள்ளே என்ன இருந்தது என்பதை யாரும் நகலெடுத்து வைத்திருக்க மாட்டார்கள், இருப்பது ஒரே டிக்ட். லாகுக்கு அது பிரயோஜனமில்லை. எனவே உள்ளே கைவைப்பதையே நிறுத்தினோம். பழைய டிக்ட்டை நகலெடு, நகலில் மாற்று, முழுதாகப் பண்பில் வை. இப்போது ஹிஸ்டரியில் போனது, சேர்ந்தது இரண்டும் ஒழுங்காக வருகிறது. உள்ளுக்குள் உள்ளாக டிக்ட் இருந்தால் மேலோட்டமான நகல் போதாது, உள்ளே இருப்பதையும் நகலெடுக்கும் டீப்காப்பி வேண்டும். அதையும் ஒருமுறை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

கடைசியாக ஒரு டெஸ்ட் எழுதினேன். பேஸ்.ரெஜிஸ்ட்ரி.மேப்பர்ஸ் என்பதில் எல்லா மேப்பர்களும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் காலம்_ஆட்ர்ஸைச் சுற்றி, பண்பின் பெயரும் நெடுவரிசையின் பெயரும் வேறாக இருப்பவற்றை எடுத்து, தெரிந்தே மாற்றியவை என்று நாங்கள் கையால் எழுதி வைத்த பட்டியலோடு ஒப்பிடும். புதிதாக ஒன்று வந்தால் டெஸ்ட் சிவக்கும், யாராவது பார்த்து ஒரு வரி சேர்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் நான்கு வந்தன. மெட்டாடேட்டா_ ஒன்று. இரண்டு பைத்தானின் ஒதுக்கிய சொற்களோடு மோதியதால் மாற்றியவை. நான்காவது சும்மா எழுத்துப்பிழை, டேபிளில் ஒரு எழுத்து குறைவு, கிளாஸில் யாரோ நல்ல மனதோடு திருத்தியிருக்கிறார். கடைசி மூன்றும் லாக் எழுதும் கிளாஸ்களில் இல்லாததால் இதுவரை வெடிக்கவில்லை.

டிஃபால்ட்=எஸ்டிஆரை எடுத்துவிட்டு தேதிக்கும் டெசிமலுக்கும் மட்டும் மாற்றி எழுதியாயிற்று. கேட்டவர்களுக்கு அந்தப் பழைய செட்டிங்கை ஒரு பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு நிமிஷம் நான்கு நாள் ஆகியிருந்தது.

லாகில் மெட்டாடேட்டா() பதிவுகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. "அதெல்லாம் அழிச்சிடவா அக்கா?" என்று பையன் கேட்டான். ஆடிட் லாகில் அழிப்பதற்கு உரிமை யாருக்கும் இல்லாதபடி நானே பூட்டியிருந்ததால், அவனாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.